பிரஸ் வாங்கும் முன் விசாவைப் பாருங்கள், தம்பி

டெக்சாஸ் வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, எச்1பி விசா, ஆபீஸ் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய்ச் சுடப் பழகியாகிவிட்டது, இனிச் சுட்ட கூட்டில் புதுப் பவுடரும் புல்லட்டும் வைத்துத் தோட்டாவை வீட்டிலேயே ரீலோட் செய்ய ஆசை, அதற்கான பிரஸ் எந்திரத்தில் ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் சிங்கிள் ஸ்டேஜ் வாங்கலாமா, பல வேலையைச் சேர்த்துச் செய்யும் புரோகிரசிவ் வாங்கலாமா, எந்தக் கம்பெனி என்று கேட்டிருக்கிறீர்கள். பிரஸ் பற்றி அப்புறம் சொல்கிறேன். நீங்கள் கேட்காத விஷயம் ஒன்று இருக்கிறது, அதுதான் முதலில்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. 1998-ல் வந்த மத்தியச் சட்டம் இது. துப்பாக்கி கூடாது என்பது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். ரீலோடிங் செய்ய நினைக்கிறவர்கள் கோட்டை விடுவது வேறு இடத்தில். அந்தச் சட்டத்தில் தோட்டா என்றால் முழுத் தோட்டா மட்டும் இல்லை. பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கிளப்பும் பிரைமர், வெடிமருந்துப் பவுடர், பறந்து போகும் முனையான புல்லட், இந்த நான்கில் ஒவ்வொன்றும் தனியாகவே தோட்டாக் கணக்கில் சேர்ந்துவிடும். பிரஸ் வெறும் இரும்பு, அதை மேஜையில் மாட்டினால் ஒரு குற்றமும் இல்லை. பக்கத்தில் ஒரு டப்பா பிரைமர் வைத்தீர்களோ, கதை வேறு. 15 வருடம் வரை சிறைத் தண்டனை உள்ள குற்றம் அது. தீர்ப்பு எதிராக வந்தால் நாடு கடத்தலும் சேரும். ரேஞ்சில் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கும் இதே சட்டம்தான்.

வழி இல்லாமல் இல்லை. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால் விலக்கு உண்டு. டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைக்காரர் பயிற்சி வகுப்பை முடிக்க வேண்டும். முடித்துவிட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த லைசென்ஸ் பெரும்பாலும் ஆகஸ்ட் 31-ஓடு முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் பிரைமர் டப்பாவே உங்களுக்கு எதிரான சாட்சி. எதற்கும் உங்கள் குடியேற்ற வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

"நான் அஞ்சு வருஷமா சுடறேன், எவனும் கேக்கல" என்று சொல்லும் நம்மவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருப்பார்கள். அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். யாரும் கேட்காததால் சட்டம் இல்லாமல் போய்விடாது. கிரீன் கார்டு நேர்காணலில் உங்களோடு வந்து உட்காரப் போகிறவர்களும் அவர்கள் இல்லை. வந்து இறங்கியவனுக்குச் சரியான வழியைக் காட்டுவதை விட்டுவிட்டுத் தைரியம் ஊட்டி அனுப்புகிறவர்கள் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு.

நானும் வேலை விசாவில் வந்தவன்தான். சனி ஞாயிறு வந்தால் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு வயதான மெஷினிஸ்ட் தன் கராஜுக்குக் கூப்பிட்டார். முதல் நாளே வாசலில் நிறுத்தி, "உன் பேப்பர் என்ன பேப்பர்?" என்று விசாரித்தார். தெரிந்ததும், "கிரீன் கார்டு வரும்வரை எதையும் தொடாதே, பார்த்துக் கற்றுக்கொள்" என்று சொல்லிவிட்டார். அப்படியே செய்தேன். அவர் வேலை செய்வார், நான் ஸ்டூலில் உட்கார்ந்து எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு பவுடர் என்று சொல்லும் ரீலோடிங் மேனுவலைப் படிப்பேன். மில்லிமீட்டரிலும் கிராமிலும் வளர்ந்த நான் அங்கேதான் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கைக் காலிப்பர் என்ற அளவுகருவியில் படிக்கவும், எடையை ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெய்ன் என்று யோசிக்கவும் பழகினேன். இன்று என் மகளுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன், பெருமையாகத்தான் இருக்கிறது.

அவரிடம் நான் பார்த்த ஒரு பழக்கத்தை நீங்களும் வைத்துக்கொள்ள வேண்டும். பவுடர் ஊற்றிய கூடுகளை மரக் கட்டையில் வரிசையாக நிறுத்துவார். புல்லட் வைப்பதற்கு முன் டார்ச் அடித்து ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் எட்டிப் பார்ப்பார். எல்லாவற்றிலும் பவுடர் ஒரே மட்டத்தில் கரும்பச்சையாக மின்னும். ஒன்று மட்டும் கொஞ்சம் மேலே தெரிந்தால் அந்த வரிசை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். .38 ஸ்பெஷல் என்ற ரிவால்வர் தோட்டா போன்றவற்றின் நீளக் கூட்டில் வேகமாக எரியும் பவுடர் இரண்டு தடவை விழுந்தாலும் வெளியே வழியாது. பார்த்தால்தான் தெரியும், பார்க்காவிட்டால் துப்பாக்கி கையிலேயே வெடிக்கலாம். பவுடரே விழாமல் போனால் புல்லட் குழலுக்குள் சிக்கி நிற்கும். அடுத்த தோட்டாவைச் சுட்டால் அதுவும் ஆபத்துதான்.

இதனால்தான் புதிதாக ஆரம்பிப்பவருக்குப் புரோகிரசிவ் வேண்டாம் என்கிறேன். அதில் கைப்பிடியை ஒருமுறை இழுத்தால் நாலைந்து வேலை ஒரே நேரத்தில் நடக்கும், எதைக் கவனிப்பது என்று தெரியாது. போனஸ் வந்த வாரமே அதை வாங்கிப் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டு, அடுத்த வருடம் பாதி விலைக்குத் தள்ளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சிங்கிள் ஸ்டேஜ் போதும். லீ, ஆர்சிபிஎஸ், ஹார்னடி எந்தக் கம்பெனியானாலும் சரி, அதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

காசைத் தராசில் போடுங்கள். கிரெய்னில் பத்தில் ஒரு பங்கு காட்ட வேண்டும், கூடவே சரிபார்க்கும் எடைக்கற்களும் வேண்டும். மலிவான டிஜிட்டல் தராசு ஃபேன் காற்றுக்கே எண்ணை மாற்றிக் காட்டும். பவுடர் அளவை மேனுவலில் இருந்து மட்டும் எடுங்கள். அதில் போட்டிருக்கும் ஆரம்ப அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நண்பன் சொன்னான், வீடியோவில் பார்த்தேன் என்று ஒரு அளவும் வேண்டாம். மேஜையில் ஒரு நேரத்தில் ஒரே பவுடர் டப்பா. பிரைமரை அது வந்த பெட்டியிலேயே வைக்க வேண்டும், கண்ணாடி ஜாடியில் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும்.

வீட்டில் குழந்தை இருந்தால் சுட்ட கூடுகளை உள்ளே சுத்தம் செய்யாதீர்கள். அந்தத் தூசியில் ஈயம் இருக்கிறது. வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க வேண்டும். ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்குப் போகும்போது எடுக்கவே எடுக்காதீர்கள். அடியில் கிடக்கும் ஒரே ஒரு தோட்டா போதும், இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு ஆகிவிடும்.

காசு மிச்சமாகுமா என்ற கேள்விக்கு எனக்குப் பெரிய அக்கறை இல்லை. மிச்சமானால் அதற்கும் சேர்த்துச் சுடுவீர்கள், அவ்வளவுதான்.

வேட்டை லைசென்ஸ் எடுக்கப் போகிறீர்களா, கிரீன் கார்டு வரை பொறுக்கப் போகிறீர்களா, எந்தக் காலிபர் (தோட்டா அளவு) என்பதை எழுதுங்கள். 9 எம்எம் என்றால் கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் கார்பைட் டை என்ற அச்சை வாங்கினால் கூட்டுக்கு எண்ணெய் தடவும் வேலை இல்லை. .223 ரைபிள் தோட்டா என்றால் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டும், நீளம் அளந்து வெட்டவும் வேண்டும். சாமான் பட்டியலை அதற்குத் தகுந்தபடி சொல்கிறேன்.