காய்ச்சலே இல்லாமல் மூளையில் சீழ் கட்டுமா?

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி ஒரு வருஷம். பத்து நாளாகத் தலைவலி, நேற்று வலது கையில் மட்டும் வலிப்பு. மூளையில் சீழ்க்கட்டி என்கிறார்கள். காய்ச்சலே இல்லையே டாக்டர்?

பதில்: இருக்க வேண்டிய கட்டாயம் இல்லைம்மா. எதிர்ப்பு சக்தி நன்றாக இருப்பவர்களிலேயே ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் காய்ச்சல் வரும். மாற்றிய சிறுநீரகத்தைக் காக்க எதிர்ப்பு சக்தியை அடக்கும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் சாப்பிடுகிறவருக்கு அது இன்னும் அடங்கியே இருக்கும். புதுத் தலைவலி, வலிப்பு, பேச்சுக் குழறல் என்றால் அன்றைக்கே ஸ்கேன் எடுத்துவிட வேண்டும்.

கேள்வி: மண்டையில் துளை போட்டுச் சீழ் எடுக்கணுமாம். மருந்திலேயே கரையாதா?

பதில்: காது, பல், சைனஸிலிருந்து பரவும் வழக்கமான கட்டி என்றால் செஃப்ட்ரியாக்சோன், மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்குகளை ஓரளவு ஊகித்துத் தொடங்கலாம். எதிர்ப்பு சக்தி குறைந்தவரிடம் அந்த ஊகம் நிற்காது. நோகார்டியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம், ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையாக இருக்கலாம், நம் ஊரில் காசநோயையும் விட்டுவிட முடியாது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. அதனால்தான் சீழைக் கையில் வாங்கிப் பார்க்கத் துடிக்கிறோம். இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் எடுத்துவிடுவோம். நோகார்டியா மெதுவாக வளரும். சந்தேகம் இருப்பதை லேபுக்கு முன்பே சொல்லாவிட்டால் 'வளர்ச்சி இல்லை' என்று கிருமி வளர்க்கும் தட்டைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். நெஞ்சு ஸ்கேனும் கேளுங்கள். நோகார்டியா பெரும்பாலும் நுரையீரல் வழியாகத்தான் நுழைகிறது. அங்கேயே மாதிரி கிடைத்தால் சில சமயம் மூளையைத் தொடாமலே தப்பிக்கலாம்.

கேள்வி: முதுகில் நீர் எடுத்துப் பார்த்தால் போதாதா?

பதில்: கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கும்போது கீழே நீரை இறக்கினால் மூளை சரிந்து உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் கிருமியும் அதில் சிக்காது.

கேள்வி: (வேறொருவர்) என் தம்பிக்கு எச்ஐவி, சிடி4 (எதிர்ப்பு சக்தி அணுக்களின் எண்ணிக்கை) 60. மூளையில் கட்டி என்று ஆபரேஷன் இல்லாமல் மருந்து மட்டும் கொடுக்கிறார்கள். சரியா?

பதில்: சரிதான். சிடி4 100-க்குக் கீழே, டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக்கான ரத்தப் பரிசோதனை (ஐஜிஜி) பாசிட்டிவ், ஸ்கேனில் வளையம் வளையமாகப் பல புள்ளிகள் என்றால் முதலில் அதற்கான மருந்துதான். கோட்ரைமாக்சசோலே நன்றாகக் கேட்கும். இரண்டு வாரத்தில் தேறவில்லை என்றால் பயாப்ஸி. லிம்போமா என்ற புற்றுநோயும் ஸ்கேனில் இதே முகத்தோடுதான் வரும்.

கேள்வி: எத்தனை நாள் மருந்து? (முதலில் கேட்டவர்)

பதில்: சாதாரண பாக்டீரியாவுக்கு ஊசி ஆறு முதல் எட்டு வாரம். நோகார்டியா என்றால் ஒரு வருஷமாவது. பூஞ்சைக்கு வோரிகோனசோல் தொடங்கினால் டாக்ரோலிமஸ் ரத்தத்தில் எகிறும். அதை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து அளவு பார்த்துக்கொண்டே இருப்பார்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், சிறுநீரகம் கைவிட்டுப் போகும்.

கேள்வி: அவர் தோட்ட வேலை செய்யலாமா?

பதில்: நோகார்டியா மண்ணில் இருப்பது. இப்போதைக்கு எருக்குழி பக்கமே வேண்டாம். பிறகு மாஸ்க், கையுறையோடு செய்யட்டும்.