வாசகர் கேள்வி – பதில்: ஆம்புலன்ஸ் தன்னார்வலராகச் சேரலாமா?

கேள்வி: எனக்கு வயது 26. கோவில்பட்டியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கராகப் பணிபுரிகிறேன். எங்கள் பகுதி வியாபாரிகளும் ரத்ததானக் குழு இளைஞர்களும் சேர்ந்து ஓர் ஆம்புலன்ஸ் வாங்கி, டீசல் செலவை மட்டும் பெற்றுக்கொண்டு இயக்கி வருகிறார்கள். அதில் இரவு நேரத் தன்னார்வலராகச் சேர விரும்புகிறேன். கார் ஓட்டும் உரிமம் உண்டு. மருத்துவப் படிப்பு இல்லை. போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என வீட்டில் அஞ்சுகிறார்கள். நான் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேரலாம். ஆனால் ஓட்டுநராகச் சேருவதைவிட, வண்டியின் பின்பகுதியில் நோயாளியின் அருகில் அமர்ந்து செல்பவராகச் சேருங்கள் என்பதே என் ஆலோசனை. 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் ஓடும் 108 வண்டியில் ஓட்டுநருடன் அவசரகால மருத்துவ உதவியாளர் ஒருவரும் வருகிறார். ஊர்மக்கள் நடத்தும் வண்டிகள் பலவற்றிலோ ஓட்டுநர் மட்டுமே இருக்கிறார். பின்னால் என்ன செய்வதென்று தெரியாமல் உறவினர்கள் கையைப் பிசைந்துகொண்டிருக்கிறார்கள். மூச்சுக்குழாய் அடைபட்டு நோயாளி நீலம் பாரிப்பதை முன்னிருக்கையில் இருப்பவர் எப்படி அறிவார்? அந்த இடத்துக்குத்தான் பயிற்சி பெற்ற ஆள் இன்று மிகவும் தேவைப்படுகிறார்.

அதற்கு மருத்துவப் பட்டம் வேண்டியதில்லை. முறையான முதலுதவிப் பயிற்சி கட்டாயம் வேண்டும். இந்தியச் செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் என்ற அமைப்பும் இத்தகைய பயிற்சிகளை அளிக்கின்றன. சான்றிதழோடு நின்றுவிடாமல், இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்வதுபோல நெஞ்சின் நடுவில் 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துவதைப் பொம்மையின் மீது மீண்டும் மீண்டும் செய்து பாருங்கள். இரண்டு நிமிடத்தில் கை எப்படிச் சோர்ந்துபோகிறது என்பதும், அடுத்தவர் ஏன் கைமாற்ற வேண்டும் என்பதும் அப்போதுதான் புரியும். செய்யக்கூடாதவற்றைக் கற்பதும் அதே அளவு முக்கியம். பாம்பு கடித்த இடத்தைக் கீறுவது, அதற்கு மேலே இறுகக் கட்டுவது, பூச்சிமருந்து குடித்தவருக்கு உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கச் செய்வது ஆகியவை இன்றும் நம் கிராமங்களில் நடக்கின்றன. அவற்றைப் பணிவாக, ஆனால் உறுதியாகத் தடுக்க வேண்டியவர் நீங்கள்தான்.

ஆக்சிஜன் சிலிண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ்களில் பரவலாக இருக்கும் ‘பி டைப்’ சிலிண்டர் நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 1,500 லிட்டர் கொள்ளும். அழுத்தத்தைக் காட்டும் மீட்டரின் முள் 150ஐ ஒட்டி நிற்கும். முள் 75இல் நின்றால் உள்ளே இருப்பது 750 லிட்டர்தான். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் கொடுத்தால் 75 நிமிடங்களில் தீர்ந்துவிடும். உங்கள் ஊரிலிருந்து பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குச் செல்லவே ஒரு மணி நேரம் ஆகிவிடும். அங்கே ஸ்ட்ரெச்சர் கிடைத்து உள்ளே சேர்க்கும்வரையிலும் ஆக்சிஜன் வேண்டுமே. இந்தக் கணக்கை வண்டி புறப்படும் முன்பே போட்டுவிட வேண்டும். கணக்கரான உங்களுக்கு இது எளிது. நள்ளிரவில், அழுகுரல்களுக்கு நடுவே போட்டுப் பழகுவதுதான் பயிற்சி.

எந்த அழைப்பை ஏற்பது, எதை 108க்கு விடுவது என்பதையும் உங்கள் குழு முன்கூட்டியே முடிவுசெய்திருக்க வேண்டும். செயற்கைச் சுவாசக் கருவி தேவைப்படும் நோயாளியை அக்கருவியும் அதை இயக்கத் தெரிந்தவரும் இல்லாத வண்டியில் ஏற்றுவது உதவியாகாது. வாய் கோணி, ஒரு பக்கக் கை விழுந்து, பேச்சு குழறினால் அது பக்கவாதத்தின் அறிகுறி. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால், சி.டி. ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும். அறிகுறி தொடங்கிய நேரத்தை உறவினரிடம் கேட்டு எழுதிக்கொண்டு மருத்துவரிடம் கொடுங்கள். அந்தச் சீட்டு சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது.

சட்டத்தைப் பற்றிய வீட்டாரின் அச்சம் இயல்பானதுதான். ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு, சாலை விபத்தில் சிக்கியவருக்கு நல்லெண்ணத்துடன், எவ்விதப் பலனையும் எதிர்பாராமல் உதவுபவர் மீது, அவ்வுதவியின்போது நேர்ந்த பிழைக்காக உரிமையியல் வழக்கோ குற்ற வழக்கோ தொடுக்க முடியாது என்று பாதுகாப்பு அளிக்கிறது. உங்கள் வண்டியே வழியில் ஒருவர்மீது மோதினால் இப்பாதுகாப்பு பொருந்தாது என்பதையும் மறந்துவிடக்கூடாது. ஆகவே காப்பீடு நடப்பில் உள்ளதா, அது பின்னால் அமரும் தன்னார்வலரையும் உள்ளடக்குகிறதா என்று சேரும் முன்பே குழுவினரிடம் பாலிசியைக் கேட்டுப் பாருங்கள். காட்டத் தயங்கும் குழுவில் சேர வேண்டாம். ஓட்டுவதைப் பொறுத்தவரை, 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களை இலகுரக வாகன உரிமத்தைக் கொண்டே ஓட்டலாம் என 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்துள்ளது.

ரத்தத்தைத் தொட நேரும் பணி என்பதால், ஹெபடைடிஸ் பி தடுப்பூசியின் மூன்று தவணைகளையும் போட்டுக்கொள்ளுங்கள். மறுநாள் காலை அலுவலகம் உள்ள நாளில் முழு இரவுப் பணியை ஏற்காதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 45. நோயாளியைத் தூக்கும் வலு எனக்கு இல்லை. பெண்களுக்கு இப்பணியில் இடம் உண்டா?

பதில்: உண்டு, அவசியமும் உண்டு. நள்ளிரவில் தனியாக ஏற்றப்படும் ஒரு பெண் நோயாளிக்கு, அருகில் இன்னொரு பெண் இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்! தூக்குவது ஒருவர் வேலையன்று. நால்வர் சேர்ந்து, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கி ஒரே நேரத்தில் எழ வேண்டிய வேலை. அழைப்பை ஏற்று, முகவரியையும் அடையாளத்தையும் நிதானமாகக் கேட்டு வாங்கும் பொறுப்புக்கும் பொறுமையான குரல் தேவைப்படுகிறது.

கேள்வி: எங்கள் குழுவின் ஒரே ஆம்புலன்ஸை இறந்தவர்களின் உடலை எடுத்துச் செல்லவும் அழைக்கிறார்கள். மறுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அரசு மருத்துவமனையில் இறந்தவரின் உடலை வீட்டுக்கோ மயானத்துக்கோ கொண்டுசேர்க்க இலவச அமரர் ஊர்தி இருக்கிறது, 155377 என்ற எண்ணைக் கொடுத்து, முடிந்தால் நீங்களே அழைத்து ஏற்பாடு செய்துகொடுங்கள். அதற்கும் வழியில்லாமல் உங்கள் வண்டியே செல்ல நேர்ந்தால், திரும்பியதும் படுக்கையையும் தரையையும் கழுவி, ரத்தம் பட்ட இடங்களை ஒரு சதவீத ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து உலரவிட்ட பிறகே அடுத்த நோயாளியை ஏற்ற வேண்டும்.