க்யூட் தேர்வில் கட்டுரையே இல்லை, பிறகு ஏன் எழுதிப் பழக வேண்டும்?

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: மகள் பிளஸ் டூ படிக்கிறாள், காலாப்பட்டில் இருக்கும் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில் சேர க்யூட் (CUET, மத்திய யுனிவர்சிட்டிகளில் சேருவதற்கான பொது நுழைவுத் தேர்வு) எழுதப் போகிறாள். ஸ்கூலில் இங்கிலீஷ் கட்டுரைக்கு நல்ல மார்க், ஆனால் மாதிரித் தேர்வில் பத்தியைப் படித்து முடிப்பதற்குள் நேரம் போய்விடுகிறது. கட்டுரைதான் கேட்கப் போவதில்லையே, எழுதுவதை விட்டுவிட்டு சரியான விடையை டிக் பண்ணும் பயிற்சி மட்டும் செய்யச் சொல்லட்டுமா?

வேண்டாம், எழுதட்டும். எழுதுகிற விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

நோட்ஸில் இருக்கும் கட்டுரையை மனப்பாடம் செய்து ஒப்பித்தாலே ஸ்கூலில் மார்க் வந்துவிடும். முன்பின் பார்க்காத ஒரு பத்தியில் எழுதினவர் என்ன சொல்ல வருகிறார் என்று பிடிக்கும் பழக்கம் அதில் வராது, க்யூட் மொழித்தாள் கேட்பதோ அதைத்தான். 2025 முதல் ஒரு தாளுக்கு 50 கேள்வி, 60 நிமிடம். கேள்விக்கு 72 விநாடி, பத்தியைப் படிக்கிற நேரமும் அதற்குள் அடக்கம்.

தினமும் ஒரு தலையங்கத்தைப் படித்து, பேப்பரை மூடி வைத்துவிட்டு, சொந்த வார்த்தையில் நாலைந்து வரி எழுதச் சொல்லுங்கள். முதல் சில வாரம் தமிழ்த் தலையங்கம், தமிழிலேயே சுருக்கம். சாரத்தைப் பிடிப்பது எந்த மொழிக்கும் ஒரே வேலைதான், அப்புறம் இங்கிலீஷுக்குப் போகலாம். பார்க்காமல் எழுத முடியவில்லை என்றால், கண் ஓடியிருக்கிறது, விஷயம் மனதில் ஏறவில்லை.

உதாரணமாக இப்படி ஒரு பத்தி: "தானே புயலில் பண்ருட்டிப் பக்கம் முந்திரி மரங்கள் சாய்ந்தன. புதுக் கன்று நட்டாலும் காய்ப்புக்கு வர சில வருடம் ஆகும். அதனால் ஒரு தடவை தரும் நிவாரணம் போதாது." இதன் மையக் கருத்து எது என்று கேட்டால், புயல் 2011 டிசம்பரில் வந்தது என்பது ஒரு விடையாக நிற்கும். அது உண்மைதான், நம் ஊரில் யாருக்கும் தெரியும், ஆனால் பத்தியில் இல்லை. மரம் சாய்ந்தது என்பது பத்தியில் இருக்கிறது, ஆனால் அது மையம் இல்லை, ஆதாரம். நிவாரணம் போதாது என்ற கடைசி வரிக்காகத்தான் முதல் இரண்டும் வந்திருக்கின்றன. சுருக்கி எழுதிப் பழகின பிள்ளை இதை உடனே பார்த்துவிடும். கலைந்த வாக்கியங்களை வரிசைப்படுத்தும் கேள்விக்கும் இதே பழக்கம்தான் கைகொடுக்கும், ஏனென்றால் 'ஆனால்', 'அதனால்' என்று ஒரு வாக்கியம் தொடங்கினால் அதற்கு முன்னால் என்ன வந்திருக்க வேண்டும் என்பது எழுதுகிறவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொன்று, தெரியாத கேள்வியைத் தொடவே கூடாது என்று சொல்லி வைத்திருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். சரியான விடைக்கு 5, தப்புக்கு 1 மைனஸ். நான்கில் இரண்டு தப்பு என்று தள்ளிவிட்டால் மிச்சத்தில் ஒன்றைத் தயங்காமல் குறிக்கட்டும், கணக்கு நம் பக்கம்தான்.

மொழித்தாள் 13 மொழிகளில் இருக்கிறது, தமிழும் உண்டு. சேர நினைக்கும் படிப்புக்கு எந்தெந்தத் தாள் கேட்கிறார்கள் என்று யுனிவர்சிட்டி இணையதளத்தில் பார்த்துவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.