ஓடைக்கரை வாட்டில் மரத்தை அகற்ற அரசு உதவி

கேள்வி: எங்கள் ஊர்ப் பொதுநிலத்தில் ஓடைக்கரை நெடுக வாட்டில் என்னும் ஆஸ்திரேலிய வேல மரம் மண்டிவிட்டது. அகற்ற அரசு பணம் தருமா?
– ஒரு வாசகர், உம்சிண்டோ, தென்னாப்பிரிக்கா

பதில்: உதவி உண்டு ஐயா, ஆனால் ரொக்கமாகக் கையில் வராது. 1995இல் அரசு தொடங்கிய ‘வர்க்கிங் ஃபார் வாட்டர்’ உள்ளூர் ஆட்களுக்குக் கூலி கொடுத்து மரத்தை அகற்றும் திட்டம். மாகாண வேளாண் துறையிடம் ‘லேண்ட்கேர்’ என்னும் நிலப் பாதுகாப்புத் திட்டம் பற்றியும் கேளுங்கள்.

நிலம் யாருடையதோ அவர் சம்மதத்தை முதலில் எழுத்தில் வாங்குங்கள். ஜூலு மன்னர் பொறுப்பிலுள்ள இங்கோன்யாமா டிரஸ்ட் என்ற அறக்கட்டளையின் நிலமானால், அவ்வூர்த் தலைவரின் பாரம்பரிய மன்றத்தின் கடிதம் வேண்டும். ஊர்ச் சங்கமாக விண்ணப்பித்தால் சங்க விதிகள், சங்கத்தின் பேரில் வங்கிக் கணக்கு, இடத்தின் வரைபடம் தயாராக இருக்கட்டும்.

விண்ணப்பத்தின் செலவுக் கணக்கில் வெட்டுகூலியை மட்டும் காட்டிவிடாதீர்கள்! வாட்டில் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தீ பட்டால் மொத்தமாக முளைக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளின் களையெடுப்புக்கும் பணம் கேளுங்கள். அது இல்லையேல் வெட்டியதே வீண்.

மரத்தைத் தரையோடு ஒட்டி அறுத்து, வெட்டுவாய் காயுமுன் பதிவுபெற்ற களைக்கொல்லியைச் சாயம் கலந்து பூசவேண்டும். தாமதித்தால் மருந்து உள்ளே இறங்காது, கட்டை தழைக்கும். சிறு கன்றுகளை மழைக்குப் பின் கையாலேயே வேரோடு பிடுங்கலாம். வெட்டிய கிளைகளை ஓடையில் தள்ளாதீர்கள். வெள்ளம் வந்தால் பாலத்தை அடைக்கும்.