ஓஸ்ட்ஹைம் கோட்டைத் தேவாலயம்: 15ஆம் நூற்றாண்டா, 1619ஆ?

ஜெர்மனியின் ஓஸ்ட்ஹைம் ஊரில் கோட்டைபோல் மதில் சூழ்ந்த இந்தத் தேவாலயம் எப்போது எழுந்தது என்று படங்களோடு கேட்டிருந்தீர்கள்; ஒரு குறிப்பு 15ஆம் நூற்றாண்டு என்கிறது, மற்றொன்று 1619 என்கிறது. இரண்டுமே சரி. மதில் 15ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் எழுந்தது. உள்ளே இன்று நிற்கும் புனித மிக்கேல் தேவாலயம் 1615–1619இல் கட்டப்பட்டது. நீங்கள் படித்த குறிப்புகளில் ஒன்று மதிலையும் மற்றது ஆலயத்தையும் சொல்லியிருக்கும்.

உங்கள் படங்களிலேயே சரிபார்க்கலாம். இரட்டை மதில் தெரிகிறதா? அப்புறம் உள்மதிலுக்குள் வரிசையாக நிற்கும் சிறு கிடங்குகளைப் பாருங்கள், கீழே நிலவறைகளும் உண்டு. ஊர்க் குடும்பங்கள் தானியத்தை அங்கே வைத்தன. சண்டை வந்தால் தாங்களும் உள்ளே அடைக்கலம் புகுந்தன. பிரபுவுக்காக இல்லாமல் ஊருக்காக எழுந்த அரண் என்பதுதான் இதன் பெருமை.

ஒன்று மட்டும் கவனம்: அருகே குன்றின்மேல் இருக்கும் லிக்டன்புர்க் வேறு கோட்டை. அதன் தேதிகளை இதோடு சேர்க்காதீர்கள்.