புது வீட்டுக் கொல்லையில் தோட்டம்: செடிக்கு முன்னால் மண்

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டின் பின்னால் 20-க்கு 30 அடி இடம் இருக்கிறது. காய்கறியும் ஒரு சிறு மரமும் வைக்க ஆசை. முதலில் நட்ட நாற்றுகள் மஞ்சளாகி, வளராமல் நின்றுவிட்டன. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: நாற்றின் மேல் பழி வேண்டாம், மண்ணைப் பாருங்கள். கட்டுமானத்தின்போது லாரியும் செங்கல் குவியலும் மண்ணை இறுக்கிவிடும். சிந்திய சிமெண்டும் சுண்ணாம்பும் காரத்தன்மையை ஏற்றிவிடும். அப்படிப்பட்ட மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலைகள் வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் பெரும்பாலும் இதுதான் காரணம். பழைய இலைகள் முதலில் மஞ்சளானால் பெரும்பாலும் தழைச்சத்துக் (நைட்ரஜன்) குறைவு.

ஒரு அடி ஆழத்தில் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றுங்கள். வடிந்ததும் மறுபடி நிரப்பி அளவெடுங்கள். மணிக்கு ஒரு அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அடிமண் இறுகியிருக்கிறது. பலர் இந்த நிலையில் ஒரு லோடு புது மண்ணை மேலே கொட்டிவிடுகிறார்கள். தண்ணீர் அந்த இறுகிய அடுக்கின் மேல் தேங்கி வேர் அழுகும். செலவும் வீண். முதலில் கற்களையும் காரைத் துண்டுகளையும் பொறுக்கி, ஒன்றரை அடி ஆழம் வரை கடப்பாரையால் நெம்பி இளக்குங்கள். கையில் பிடித்த மண் உருண்டை, தட்டினால் உதிரும் பதத்தில் இருக்க வேண்டும். சேறாக இருக்கும்போது கிளறினால் காய்ந்தபின் கட்டியாகிவிடும்.

பிறகு 2 அங்குலம் மக்கிய தொழு உரம் பரப்பி, மேல் 6 அங்குல மண்ணோடு கலக்க வேண்டும். 4-க்கு 10 அடிப் பாத்திக்குச் சுமார் 190 லிட்டர் தேவைப்படும். மக்காத சாணம் வேரைக் கருக்கும்.

பாத்தியின் அகலம் 4 அடியைத் தாண்ட வேண்டாம், சுவரோரம் என்றால் 2 அடிதான். அதற்கு மேல் கை எட்டாது. எட்டாவிட்டால் மிதிப்பீர்கள், மண் மறுபடி இறுகும். தக்காளி, மிளகாய், கத்தரிக்கு 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். கீரைக்கு 3, 4 மணி நேரம் போதும். ஆகவே ஒரு நாள் முழுக்க மணிக்கொரு முறை நிழலின் விளிம்பைக் குறித்துவிட்டுப் பாத்தி போடுங்கள்.

மரக்கன்றைச் சுவர், கழிவுநீர்க் குழாயிலிருந்து தள்ளி வையுங்கள். குழி, வேரும் அதைச் சுற்றிய மண்ணும் சேர்ந்த வேர்ப்பந்தைப் போல் இரண்டு, மூன்று மடங்கு அகலம், ஆனால் அதே ஆழம். தண்டு வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரிய வேண்டும். மூடாக்கு (மண்ணை மூடும் காய்ந்த இலை, வைக்கோல்) 3 அங்குலம் போடலாம், தண்டைத் தொடாமல்.

இந்தப் பருவத்தில் ஒரு பாத்தி போதும். மீதி இடத்தில் பசுந்தாள் உரச் செடிகளான சணப்பையோ தக்கைப்பூண்டோ விதைத்து, பூக்கும் நேரத்தில் மண்ணோடு மடக்கிவிடுங்கள்.