கல்லூரி மாணவர்களின் மனநலத்தை அளக்க எந்தக் கேள்வித்தாள் நல்லது?

நீங்கள் ஏதோ ஒரு கல்லூரியில் டுட்டராக இருக்கிறீர்கள், வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கு இந்தச் சந்தேகம் வரப்போகிறது?

தாளுக்குப் பஞ்சமில்லை. பிஎச்கியூ-9 என்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. ஆனால் அது மனச்சோர்வைத் தேடுகிற தாள். நன்றாக இருக்கிறார்களா என்று கேட்பது டபிள்யூஎச்ஓ-5. காலையில் எழும்போது தெம்பாக இருந்ததா என்பது போல ஐந்தே கேள்விகள். கிடைக்கும் எண்ணை நாலால் பெருக்கினால் நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும். உங்களுக்கு அது போதும். பெயரும் ரெஜிஸ்டர் நம்பரும் மட்டும் கேட்காதீர்கள்.

நான் கேட்டேன். சில வருஷங்களுக்கு முன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் என் வகுப்பு 58 பேருக்கும் பிஎச்கியூ-9 கொடுத்தேன், மேலே ரெஜிஸ்டர் நம்பருக்கு ஒரு கட்டம் போட்டு. யாருக்காவது உதவி தேவைப்பட்டால் கண்டுபிடிக்க வேண்டுமே என்றுதான், வேவு பார்க்க அல்ல. கடைசி பெஞ்சு முழுக்க மேலிருந்து கீழே 0.

ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்ததா என்பது. அன்று சாயங்காலம் ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு பையன் நின்றான்.

"சார், ஒன்பதாவதுல 2 போட்டுட்டேன். வீட்டுக்கு போன் பண்ணுவீங்கன்னு பசங்க சொல்றாங்க. மாத்திக்கட்டுமா சார்?"

கையோடு ரப்பர் கொண்டுவந்திருந்தான். நானும் கட்டைப் பிரித்து அவன் தாளை எடுத்துக் கொடுத்தேன். என் மேஜையிலேயே வைத்து அழித்தான். பென்சில் 2 முழுசாகப் போகவில்லை. அதன் மேலேயே 0 எழுதி, ரப்பர் தூளை ஊதிவிட்டு "தேங்க்ஸ் சார்" என்றான்.

கமெண்டில் திட்ட வருபவர்களுக்கு: அப்படியே விட்டுவிடவில்லை. கேன்டீனுக்குக் கூட்டிப்போய் இரண்டு மணி நேரம் பேசினேன், மறுநாள் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு நானே அழைத்துப் போனேன். படிப்பை முடித்துவிட்டான். கல்லூரியில் கவுன்சிலர் இல்லையா என்றால், போர்டில் இருந்தார். கணக்கு வாத்தியார்தான். நூறு மாணவர் இருந்தாலே பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2025 ஜூலையில்தான். அப்படி ஆள் இல்லாத இடத்தில் ஒன்பதாவது கேள்வியைக் கேட்கவே கேட்காதீர்கள். தாளின் அடியில் அரசின் இலவச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-ஐ அச்சடித்து, கிழித்துக்கொண்டு போகும்படி விடுங்கள்.

அறிக்கையில் எங்கள் வகுப்பு சராசரி பிரமாதம். ஹெச்.ஓ.டி. மீட்டிங்கில் பாராட்டினார்.

இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனாலும் சொல்கிறேன். அங்கே சேரும்போதே எங்கள் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வேலையை விட்டபோது ஒரு மாதச் சம்பளத்தைக் கட்டிய பிறகுதான் ஃபைலை எடுத்தார்கள். கொடுக்கும் முன் ஒரு படிவம் நீட்டினார்கள்: "இங்கு பணியாற்றியது திருப்தியாக இருந்ததா? 1 முதல் 5 வரை." மேலே என் பெயர், ஸ்டாஃப் நம்பர். சர்டிபிகேட் இன்னும் படிவம் நீட்டிய ஆபீஸ் அம்மாவின் கையில்தான் இருந்தது.

5 போட்டேன்.